ஃபேன் ரெகுலேட்டரும் அறிதுயிலும்: ஆட்டிசம் உள்ள மகனுக்கு நாங்கள் பழக்கிய முறை

மூன்று ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில் என் மகனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க நாள்தோறும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. ஊசியைக் கண்டதும் அவன் போட்ட கூச்சலில் வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து அவனைக் கட்டிலோடு அமுக்கிப் பிடித்தோம். கால்களைப் பிடித்தவன் நான். ஐந்து நாளும் இதேதான். காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு, வெள்ளை ஓடு பதித்த அறை எதுவாக இருந்தாலும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். பல் மருத்துவமனை, முடிதிருத்தும் கடை, பள்ளிக் கழிப்பறை எல்லாமே வெள்ளை ஓடுதான்.

மறுபடியும் அவன் காலைப் பிடித்து அமுக்கும் நிலை எனக்கு வரக் கூடாது என்று தேடத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்ததுதான் அறிதுயில், அதாவது ஹிப்னாட்டிசம். இரண்டு ஆண்டுகளாக வீட்டில் பழக்கிவருகிறோம். நான் மருத்துவன் இல்லை. திண்டுக்கல்லில் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டுகிறவன். மதுரையில் உள்ள மருத்துவ உளவியலாளர் ஒருவர் கற்றுக்கொடுத்தது எங்கள் வீட்டில் எப்படி உருமாறியதோ அதை அப்படியே எழுதுகிறேன். மகனை வீட்டில் எல்லோரும் தம்பி என்றுதான் அழைக்கிறோம். இங்கும் அவன் தம்பிதான்.

பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்

முதலில் பயந்தவர் என் தாய்தான். "வசியமா? பிள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டு, அன்று மாலையே மந்திரித்த கயிறு ஒன்றைத் தம்பியின் கையில் கட்டிவிட்டார். மனவசியம் என்ற சொல் அப்படித்தான் ஒலிக்கிறது, யாரோ யாரையோ கட்டிப்போடுவதைப் போல. அறிதுயில் என்ற பழைய சொல்தான் சரி. திருவரங்கத்தில் பெருமாள் அரவணைமேல் கொண்டிருப்பது அறிதுயில்: படுத்திருக்கிறார், ஆனால் எல்லாம் அறிந்திருக்கிறார். இப்படி விளக்கிய பிறகு என் தாய்க்கு மனம் ஆறியது.

ஹிப்னாட்டிசம் என்ற பெயருக்கும் இதே குழப்பம் உண்டு. 1840-களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். சில ஆண்டுகளில் அவருக்கே இது உறக்கம் இல்லை என்று புரிந்தது. ஒரே எண்ணத்தில் நிலைப்பது என்ற பொருளில் வேறு பெயர் வைக்கப் பார்த்தார். பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறிதுயில் பிரிவு 2014-இல் தந்த விளக்கத்தை எங்கள் உளவியலாளர் தமிழில் சொன்னார்: கவனம் ஓரிடத்தில் குவிகிறது, சுற்றியுள்ளவை பற்றிய உணர்வு குறைகிறது, சொல்லப்படும் யோசனையை ஏற்கும் திறன் கூடுகிறது.

அதைக் கேட்டபோது எனக்குத் தம்பி ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும் காட்சிதான் நினைவுக்கு வந்தது. கடையில் நான் ஒரு ஃபேனைச் சரிசெய்து ஓடவிட்டால், அவன் தரையில் மல்லாந்துவிடுவான். இமைப்பது குறையும். மூச்சு நீளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. அவனை வெளியே இழுக்க எத்தனை ஆண்டுகள் பாடுபட்டோம்! "அவர் இதுவரை போயிருக்காத இடத்துக்கு நாம் அவரை அழைத்துப் போகப்போவதில்லை. அவர் போகிற இடத்துக்கு நாம் போகிறோம்" என்றார் உளவியலாளர். ஒன்பது வயதுப் பிள்ளையையும் 'அவர்' என்று சொல்லும் பழக்கம் அவருக்கு. இந்த வழிமுறை முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இருக்கிறது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஆட்டிசத்தை இது போக்காது. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து இன்றுவரை ஆட்டிசத்தை எடுத்துவிடும் சிகிச்சை எதுவும் வந்ததில்லை. அது மூளை வளரும் விதம். பயம், ஊசி வலி, தூக்கம் வராமை, வயிற்றைப் பிசையும் பதற்றம் ஆகியவை ஆட்டிசத்தோடு சேர்ந்து வருபவை. இவற்றைத்தான் தணிக்கப் பார்க்கிறோம்.

குழந்தைகளின் ஊசி வலிக்கும் பதற்றத்துக்கும் அறிதுயில் உதவுகிறது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது; மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது அது. ஆனால் அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரை தனித்தனிச் சிகிச்சை அனுபவங்களே அதிகம்; உறுதியான பெரிய ஆய்வு என்று காட்ட எதுவும் இல்லை. ஆகவே பேச்சுப் பயிற்சியையோ, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியையோ, மருத்துவர் எழுதிய மருந்தையோ நிறுத்திவிட்டு இதற்கு வராதீர்கள். அவற்றோடு கூடச் சேர்த்துக்கொள்வது இது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கையை ஆட்டுவதை நிறுத்தவும், கண்ணைப் பார்த்துப் பேசவைக்கவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். தம்பி மகிழ்ச்சியிலும் கையை ஆட்டுவான், பயத்திலும் ஆட்டுவான். அது அவனுக்குக் கண்டென்சர் மாதிரி. அதைக் கழற்றினால் ஃபேன் முனகிக்கொண்டு நிற்குமே தவிர ஓடாது.

யாரிடம் போவது

இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர், அல்லது குழந்தைகளைப் பார்க்கும் மனநல மருத்துவர். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்பதில் தவறே இல்லை. அறிதுயிலில் தனியாகப் பயிற்சி பெற்றிருக்கிறாரா, ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்திருக்கிறாரா என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டும் உள்ளவர் கிடைப்பது அரிது. ஒன்றுதான் கிடைக்கும் என்றால், ஆட்டிசம் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. யாரிடம் தொடங்குவது என்றே தெரியாதவர்கள் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலோ, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்திலோ விசாரிக்கலாம்.

நான் முதலில் போனது தவறான ஆளிடம். பத்து அமர்வில் ஆட்டிசத்தை 'எடுத்துவிடுவதாக'ச் சொன்னார். என்னை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே "தூங்கு, தூங்கு" என்று உரக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் அலறல். கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால், அவன் நெற்றியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நெற்றியில் கை பட்டாலே தம்பியால் தாங்க முடியாது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். குணப்படுத்துவேன் என்பவர், பெற்றோரை வெளியே உட்காரச் சொல்பவர், முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்பவர்: இந்த மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளைக்கு வலிப்பு உண்டென்றால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். பிள்ளை வெறித்துப் பார்ப்பது ஆழ்ந்த கவனமா, வலிப்பின் ஒரு வகையா என்பதை நம் கண்ணால் மட்டும் பிரித்துவிட முடியாது.

ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருங்கள்

எதையும் செய்வதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி, பிள்ளை தானாக எதில் ஆழ்கிறான் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் தம்பியின் அக்கா எழுதினாள். நேரம், இடம், எதைப் பார்த்தான், மூச்சு எப்படி இருந்தது, கைகள் என்ன செய்தன, எத்தனை நிமிடம். என் பிள்ளைக்கு ஃபேன். உளவியலாளரிடம் வந்த வேறொரு சிறுமிக்கு வாளியில் தண்ணீர் நிறைவது. இன்னொரு பையனுக்கு வாஷிங் மெஷின் சுற்றுவது. எறும்புச் சாரியாக இருக்கலாம், கோலப் புள்ளிகளாக இருக்கலாம், பஸ் எண்களாக இருக்கலாம்.

இதில் ஒரு நுட்பம். ஆழ்தல் இரண்டு வகை. ஒன்றில் உடல் தளர்கிறது. மற்றொன்றில் உடல் விறைக்கிறது. தம்பி ஃபேனைப் பார்த்தால் தளர்வான். அதே தம்பி மின்மீட்டரில் இலக்கங்கள் மாறுவதைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான், இழுத்தால் அடிப்பான். இரண்டையும் நோட்டில் பார்த்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. உடல் தளரும் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, எதற்காகச் செய்கிறோம் என்பதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் தூக்கத்தில் தொடங்கினோம். ஊசியில் தொடங்க வேண்டும் என்று எனக்கு அவசரம். உளவியலாளர் விடவில்லை. ஓடுகிற ஃபேனுக்குக் காயில் கட்ட முடியாது என்பது எனக்குத் தெரியாதா என்ன. பயமில்லாத இடத்தில் பழகி உறுதியான பிறகுதான் பயமுள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பது

முதல் மாதம் சொற்களில்தான் தடுக்கி விழுந்தோம். இணையத்தில் கிடைக்கும் ஒலிப்பதிவுகளில் கடற்கரை வரும், மேகம் வரும். "நீ மேகத்தின் மேல் மிதக்கிறாய்" என்றேன். தம்பி எழுந்து உட்கார்ந்து கீழே தரையைத் தடவிப் பார்த்தான். பிறகு, "மேகம் தண்ணீர். தம்பி விழுந்துவிடுவான்" என்றான். அன்று இரவு ஒரு மணிவரை தூங்கவில்லை.

அடுத்தது என் சொந்த யோசனை. அதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது. காயில் கட்டி முடித்ததும் செப்புக் கம்பிக்கு வார்னிஷ் ஊற்றுவோம். மின்சாரம் கசியாமல் இருக்க. தம்பிக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். காய்ந்த தூரிகையால் அவன் முழங்கையின் உட்புறத்தைத் தடவி, "வார்னிஷ் பூசியாயிற்று, இனி ஊசி உறைக்காது" என்று சொல்லிப் பழக்கினேன். அவனும் அசையாமல் இருந்தான். எனக்கு ஒரே பெருமை. நான்காம் நாள் கடையில் சீரிஸ் பல்பு வைத்து ஒரு மோட்டாரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தம்பி வந்து நின்றான். தன் கையைத் தானே தடவிக்கொண்டான். "வார்னிஷ் பூசியாயிற்று" என்று சொல்லிக்கொண்டே திறந்திருந்த ஒயர் முனையை நோக்கிக் கையை நீட்டினான். பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி: சொல்லை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் பிள்ளைக்குத் தீங்கு வராத படிமத்தை மட்டுமே பயன்படுத்துவது. பறப்பது, நெருப்பு சுடாமல் இருப்பது, தண்ணீருக்குள் மூச்சு விடுவது எதுவும் வேண்டாம். புதிய படிமம் எதையும் உளவியலாளரிடம் சொல்லாமல் நான் இப்போது தொடங்குவதில்லை.

மற்றவை சிறியவை, ஆனால் அவசியமானவை. 'பயப்படாதே' என்றால் அந்தப் பிள்ளை 'பயம்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும். 'தோள் கீழே இறங்குகிறது' என்று, நடப்பதைச் சொல்லுங்கள். 'முயற்சி செய்' என்பதை விட்டுவிடுங்கள். நாள்தோறும் அதே சொற்கள், அதே வரிசை. என் தாய் ஒரு நாள் 'நான்கு' என்பதற்குப் பதில் 'நாலு' என்று சொல்லிவிட, தம்பி முதலிலிருந்து தொடங்கவைத்தான். பிள்ளை தன்னை எப்படிச் சொல்கிறதோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள். தம்பி 'நான்' என்று சொல்வதில்லை, 'தம்பி' என்பான். அதனால் எங்கள் வாசகத்திலும் 'தம்பி'.

எங்கள் வாசகம்

தம்பி படுக்கும் அறையில் பழைய வகை ரெகுலேட்டர். திருப்பினால் டக் என்று சத்தம் வரும். ஐந்திலிருந்து ஒன்றுவரை. அறிதுயிலில் எண்களை இறக்கிக்கொண்டே போவது வழக்கமாம். எங்கள் சுவரில் அது முன்னமே இருந்தது.

இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்து, கூடத்து விளக்கின் வெளிச்சம் மட்டும் வரும்படி கதவை ஒருக்களித்து வைப்பேன். அவன் பாயில் மல்லாந்து படுப்பான். நான் சுவரோரம் நிற்பேன், அவனைத் தொடுவதில்லை. கண்ணை மூடச் சொல்வதும் இல்லை. கண்ணை மூடினால்தான் அறிதுயில் என்பது தவறு. பல பிள்ளைகள் கண் திறந்தபடியே ஆழ்வார்கள், குறிப்பாகக் கண்ணை மூடினால் பதறும் பிள்ளைகள்.

"ஃபேன் ஐந்தில் ஓடுகிறது. தம்பி ஃபேனைப் பார்க்கிறான். தம்பி இரண்டு கையையும் இறுக்கிப் பிடிக்கிறான். இது ஐந்து." மூன்று மூச்சு காத்திருப்பேன். டக். "ஃபேன் நான்கில் ஓடுகிறது. கை விடுகிறது. கை நான்கு." மறுபடி மூன்று மூச்சு. டக். "ஃபேன் மூன்றில் ஓடுகிறது. தோள் கீழே இறங்குகிறது. தோள் மூன்று." டக். "ஃபேன் இரண்டில் ஓடுகிறது. வாய் திறக்கிறது. பல் பல்லைத் தொடவில்லை. வாய் இரண்டு." டக். "ஃபேன் ஒன்றில் ஓடுகிறது. இறக்கை மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. வயிறு மேலே போகிறது, கீழே வருகிறது. தம்பி ஒன்று."

முதலில் கையை இறுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தளர்த்து' என்றால் தம்பிக்குப் புரியவில்லை. தன் உடலின் இறுக்கத்தை உள்ளிருந்து உணர்வது ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கடினம். இறுக்கிவிட்டு விட்டால் வேறுபாடு தெரிகிறது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த தசைத் தளர்வு முறையின் சாரம் இதுதான்.

ஒன்றுக்கு வந்த பிறகு அந்த நாளுக்கான யோசனையை ஒரே வாக்கியமாகச் சொல்ல வேண்டும். தூக்கத்துக்கு நாங்கள் சொல்வது: "ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். தம்பி தூங்கினாலும் ஃபேன் ஓடும்." தூங்கிவிட்டால் ஃபேன் நின்றுவிடும் என்ற கவலையில்தான் அவன் நடுநடுவே விழித்துப் பார்த்திருக்கிறான் என்பதைப் பிறகே உணர்ந்தோம். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, கொசுவையும் புழுக்கத்தையும் நினைத்து, ரெகுலேட்டரை மெல்ல மூன்றுக்கு ஏற்றிவிட்டு வருவேன். மொத்தம் ஐந்து நிமிடம். முதல் வாரம் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் வாரம் 'இரண்டு' என்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது. முன்பு நள்ளிரவு தாண்டித் தூங்கியவன் இப்போது பெரும்பாலான நாட்களில் பத்தேகாலுக்குள் தூங்கிவிடுகிறான். ஊர் முழுக்க மின்தடை வந்தால்கூடச் சமாளிக்கிறான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மின்தடை நாளில் இன்னும் தூங்குவதில்லை.

பகலில் பழகும்போது திரும்பி வருவதையும் பழக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றி, ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து, சிறிது நேரம் உட்காரவைத்த பிறகே படியிலோ தெருவிலோ இறங்க விட வேண்டும்.

நிறுத்தும் உரிமை எப்போதும் பிள்ளையிடம் இருக்க வேண்டும். தம்பி 'ஆஃப்' என்றால் அந்தச் சொல்லோடு நிறுத்திவிடுவேன், பாதி வாக்கியமாக இருந்தாலும். பேசாத பிள்ளையென்றால் உள்ளங்கையைக் காட்டுவது, அட்டையைக் கொடுப்பது என்று ஏதாவது ஒன்றை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை அவன் விளையாட்டுக்காக 'ஆஃப்' சொல்லிப் பார்த்தான். இரண்டு முறையும் நிறுத்தினேன். அதன் பிறகுதான் முழுதாக நம்பினான்.

கூச்சலும் அடியுமாக நிலைகுலைந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யவே கூடாது. அப்போது சொல் எதுவும் உள்ளே போகாது. சத்தத்தைக் குறைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, அருகில் இருந்தால் போதும். சுவிட்சை அணைத்ததும் ஃபேன் நின்றுவிடுவதில்லை, சுற்றிச் சுற்றித்தான் ஓய்கிறது; அதுவரை காத்திருங்கள்.

திருப்பிச் சொல்லும் பழக்கம்

கேட்டதைத் திருப்பிச் சொல்வதைக் குறை என்றே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டாயா?" என்பான். வாசகத்தைத் தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். பள்ளி வேனில் பக்கத்துப் பையன் அழுததில் தம்பி பதறியிருக்கிறான். வேனில் வரும் ஆயா சொன்னார்: காதைப் பொத்திக்கொண்டு "ஃபேன் ஐந்தில் ஓடுகிறது, தம்பி ஃபேனைப் பார்க்கிறான்" என்று என் குரலில், என் இழுவையோடு சொல்லிக்கொண்டே வந்தானாம். வேனில் ஃபேனே கிடையாது.

தன்னைத் தானே அறிதுயிலுக்குக் கொண்டுபோவதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கமே. மற்ற பிள்ளைகளுக்கு அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். தம்பிக்கு அவனுடைய எதிரொலியே அதைச் செய்துவிட்டது. அதனால் வாசகம் எழுதும்போது, நாளைக்கு இதை என் பிள்ளை தனியாகத் தனக்குச் சொல்லிக்கொள்ளும் என்று நினைத்து எழுதுங்கள். உங்கள் குரலில் எரிச்சல் இருந்தால் அதுவும் சேர்ந்தே பதியும்.

இதன் பிறகு கடையிலிருந்து ஒரு பழைய ரெகுலேட்டரின் கறுப்புக் குமிழைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் எண்கள் பாதி அழிந்திருக்கும். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் திருப்பிக்கொண்டே எண்ணப் பழகினான். எங்கும் கொண்டுபோகக்கூடிய ஒரு பொருளோடு வாசகத்தை இணைத்துவிட்டால், சுவர் ரெகுலேட்டர் தேவையில்லை.

ரத்தம் எடுத்த நாள்

சென்ற ஆண்டு ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும் என்றார் குழந்தை மருத்துவர். ஒரு மாத அவகாசம் கேட்டேன். ஆய்வகத்துக்கு இரண்டு முறை சும்மா போய்வந்தோம்: முதல் முறை வாசல்வரை, இரண்டாம் முறை நாற்காலிவரை. வெள்ளை ஓடுதான். ஏசி அறை, ஃபேன் இல்லை. அதை முன்கூட்டியே பார்த்தது நல்லதாயிற்று. வீட்டில் வாசகத்தின் கடைசி வாக்கியத்தை மாற்றினோம்: "கை ஒன்றில் இருக்கிறது. ஊசி வரும். ஊசி குத்தும். குழாய் நிறையும். ஊசி போய்விடும்." வலிக்காது என்று சொல்லவில்லை, அது பொய், இந்தப் பிள்ளைகள் பொய்யை மறப்பதில்லை. 'பத்து எண்ணுவதற்குள் முடியும்' என்றும் சொல்லவில்லை. பதினொன்று ஆகிவிட்டால் எல்லாம் போயிற்று. குழாய் நிறைவது கண்ணுக்குத் தெரியும்.

அறிதுயிலை மட்டும் நம்பி வேறு உதவிகளை விட்டுவிடுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. மருத்துவரிடம் எழுதி வாங்கி, அவர் சொன்னபடி ஒரு மணி நேரம் முன்னதாகவே பூசினோம். கூட்டம் வருவதற்கு முன் காலை ஆறரைக்குப் போனோம். ஆய்வகப் பெண்ணிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்: பேச வேண்டாம், தட்டிக்கொடுக்க வேண்டாம், ரப்பர் பட்டையைச் சட்டைக் கையின் மேலேயே கட்டுங்கள்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். இடது கையை நீட்டினான். வலது கையில் குமிழ். "ஃபேன் ஐந்தில்" என்று மெல்லத் தொடங்கினான். நான் எதுவும் சொல்லவில்லை. 'வாய் இரண்டு' என்ற இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி 'வாய் இரண்டு' என்றான். ஊசி போனபோது தோள் ஒரு முறை தூக்கிப்போட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கை அசையவில்லை. குழாயில் ஏறும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "நிறைந்துவிட்டது" என்று அந்தப் பெண்ணுக்கு முன்னால் அவனே சொன்னான். என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன. யாரும் அவனைப் பிடிக்கவில்லை.

இன்னும் நடக்காதவை

முடிவெட்டும் மெஷின் சத்தத்துக்கு இது பலிக்கவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். வீட்டிலேயே கத்தரிக்கோலால் அக்கா வெட்டிவிடுகிறாள். சில பிள்ளைகளின் காதுக்கு அந்தச் சத்தம் உண்மையிலேயே வலி. வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவதைவிட மெஷினைத் தவிர்ப்பது எளிது.

பேச்சே இல்லாத பிள்ளைக்குச் சொல் குறைவாகவும் தாளம் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார் உளவியலாளர். தண்ணீர் நிறைவதில் ஆழ்ந்த அந்தச் சிறுமிக்கு அவள் தாய் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லையாம். அவளுடைய மூச்சுக்கு ஏற்ப 'ம்ம்' என்று ஒலி எழுப்பி, மெல்ல மெல்ல அந்த ஒலியை நீட்டுவார். பிள்ளையின் மூச்சும் கூடவே நீளும்.

இப்போது நாங்கள் பல் மருத்துவருக்காகத் தயாராகிறோம். கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல் துளைக்கும் கருவியும் ஒரு மோட்டார்தான் என்று தம்பிக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வேகத்தில் சுற்றும் என்று கேட்கிறான். அதன் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்துவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மிகக் குறைந்த ஒலியில் வைத்துக் குமிழைத் திருப்பிப் பழகுகிறோம். சென்ற வாரம் மூன்றாவது கோடுவரை ஒலியைக் கூட்ட விட்டான். நான்காவதில் 'ஆஃப்' என்றான். அணைத்துவிட்டேன்.